வன்னியிலிருந்து இணையத்தில் விற்பவர் விலைக்குள் வரியைக் கணக்கிடும் முறை

புதுக்குடியிருப்பில் வறுத்து அரைத்த கறித்தூள், பூநகரிப் பனங்கட்டி, மொட்டைக்கறுப்பன் அரிசி, முல்லைத்தீவுக் கருவாடு, பனையோலைப் பெட்டி என்று முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் படம் போட்டு, கொழும்புக்கும் கண்டிக்கும் கூரியரில் அனுப்பி விற்பவர்கள் இன்று வன்னியின் எல்லாப் பக்கங்களிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் வரியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "அது பெரிய கடைக்காரருக்கு, நான் பதிவு செய்யவில்லை, எனக்கு வற் இல்லை" என்பதாகும். இந்தப் பதிலில் பாதி சரி. வற் எனப்படும் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யும் கடமை அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இல்லை. ஆனால் பதிவு செய்யாதவர் வரி கட்டுவதில்லை என்று எண்ணுவது தவறு. அவர் கட்டுகிறார், பெட்டி வாங்கும்போதும், இணையச் சந்தை தரகைக் கழிக்கும்போதும், விளம்பரத்துக்குப் பணம் போகும்போதும் கட்டுகிறார். பதிவு பெற்ற நிறுவனம் அந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாதவருக்கு அந்த உரிமை கிடையாது.

சில ஆண்டுகளாக இத்தகைய வீட்டு விற்பனையாளர்களின் கணக்குக் கொப்பிகளைப் பார்த்து உதவி வருகிறேன். நாள் முழுவதும் உழைத்தும் கையில் காசு தங்கவில்லை என்று வருந்தும் பலருடைய கொப்பிகளில் குறைவது உழைப்பன்று, ஒரு பத்தி. வரிக்கென்று அவர்கள் தனிப் பத்தி போடுவதில்லை. அந்தப் பத்தியை எப்படிப் போடுவது, அதிலிருந்து விலையை எப்படி எடுப்பது, எந்தக் கட்டத்தில் எந்த வரி தம் தலைமேல் வரும் என்பதை எப்படி முன்கூட்டியே அறிவது என்பவற்றை இங்கே விளக்குகிறேன்.

முதலில் வரிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இணைய விற்பனையாளரைத் தொடும் வரிகள் நான்கு வகைப்படும். உங்கள் இலாபத்தின் மீது நீங்களே செலுத்த வேண்டிய வருமான வரி முதலாவது. வாங்குபவரிடம் அறவிட்டு அரசுக்குச் செலுத்த வேண்டிய பெறுமதி சேர் வரியும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் இரண்டாவது. இவை புரள்வு, அதாவது மொத்த விற்பனைத் தொகை, ஓர் எல்லையை எட்டியவர்களுக்கே உரியவை. நீங்கள் வாங்கும் பொருளிலும் சேவையிலும் ஏற்கெனவே கலந்து வரும் பெறுமதி சேர் வரி மூன்றாவது. வெளிநாட்டுக்கு விற்கும்போது அந்த நாடு தன் எல்லையில் அறவிடும் வரி நான்காவது. நம்மவர் அஞ்சுவது இரண்டாவதற்கு. ஆனால் அன்றாடம் நட்டப்படுத்துவது மூன்றாவது. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

கண்ணுக்குத் தெரியாத 18 வீதம்

இலங்கையில் பெறுமதி சேர் வரி 2022 ஜூன் 1இல் 8 வீதத்திலிருந்து 12 வீதமாகவும், அதே ஆண்டு செப்டெம்பர் 1இல் 15 வீதமாகவும், 2024 ஜனவரி 1இல் 18 வீதமாகவும் உயர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் இப்படி இரட்டிப்புக்கு மேல் ஏறிய ஒரு வரியை, 2021இல் வைத்த விலைக்கணக்கைத் திருத்தாமல் யார் வைத்திருந்தாலும் அவர் தம் இலாபத்திலிருந்தே கட்டியிருப்பார்.

வரி சேர்ந்த விலையில் வரி எவ்வளவு என்று கண்டுபிடிக்க, அந்த விலையை 18ஆல் பெருக்கி 118ஆல் வகுக்க வேண்டும். உறைகளும் பெட்டிகளும் பதிவு பெற்ற கடையொன்றில் 2,360 ரூபாவுக்கு வாங்கியிருந்தால் அதில் 360 ரூபா வரி. நேரடியாக 18 வீதம் எடுத்தால் 424.80 என்று பிழையாக வரும். இந்தப் பிழையைப் பல கொப்பிகளில் கண்டிருக்கிறேன்.

ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். தொகைகளை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டேன். உங்கள் தரகு வீதத்தை உங்கள் மாதக் கணக்குக்கூற்றில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். அரைக் கிலோ கறித்தூள் பொதியொன்று இணையச் சந்தையில் 1,400 ரூபாவுக்கு விற்கப்படுகிறது. செத்தல் மிளகாய், மல்லி, சீரகம் முதலியவற்றுக்கும் மில் கூலிக்கும் 640 ரூபா. மிளகாய் விசுவமடுவில் தோட்டக்காரரிடம் நேரடியாக வாங்கியது. அதில் வரி இல்லை. உறை, சுட்டித்துண்டு, பெட்டி ஆகியவற்றுக்கு 59 ரூபா. அதில் 9 ரூபா வரி. இணையச் சந்தையின் தரகு 10 வீதம், பணம் பெற்றுத்தரும் கட்டணம் 2 வீதம் என்று கொண்டால் மொத்தம் 168 ரூபா. சந்தை நிறுவனம் பதிவு பெற்றது என்பதால் அந்தக் கட்டணத்தின் மேல் 18 வீதமாக 30.24 ரூபா. விளம்பரத்தில் இந்தப் பொதிக்கு விழும் பங்கு 40 ரூபா. அதற்கும் வரி அறவிடப்பட்டால் 7.20 ரூபா. அனுப்பும் செலவை வாங்குபவர் தனியாகக் கொடுக்கிறார்.

இவ்வளவையும் கூட்டினால் 944.44 ரூபா. மிஞ்சுவது 455.56 ரூபா. நீங்கள் பதிவு செய்யாமலே இந்தப் பொதிக்குக் கட்டிய வரி 9, 30.24, 7.20 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 46.44 ரூபா; அதாவது மிஞ்சியதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு ஈடான தொகை. மாதம் 300 பொதி விற்பவருக்கு அது 13,932 ரூபா. ஆண்டுக்கு 167,184 ரூபா. வறுப்பதற்கு நிற்கும் நேரமும் வெயிலில் காயவைக்கும் நாட்களும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை என்பதை மறக்கக்கூடாது.

விளம்பரத்தைப் பற்றி இங்கே ஒரு குறிப்பு. வெளிநாட்டில் இருந்துகொண்டு இணையத்தின் மூலம் இலங்கையருக்குச் சேவை வழங்கும் நிறுவனங்களும் 18 வீத வரியை அறவிட வேண்டும் என்று 2025ஆம் ஆண்டின் பெறுமதி சேர் வரித் திருத்தச் சட்டம் கூறுகிறது. அது 2025 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டு, பின்னர் 2026 ஏப்ரல் 1 வரை பிற்போடப்பட்டது. சமூக ஊடக விளம்பரங்கள் இத்தகைய சேவையில் அடங்குவன. 5,000 ரூபாவுக்கு விளம்பரம் போடுபவரின் அட்டையிலிருந்து 5,900 ரூபா போனால் காரணம் இதுவே. விளம்பரக் கணக்கின் கட்டணப் பகுதியில் வரி தனித் தொகையாகக் காட்டப்பட்டுள்ளதா என்று மாதந்தோறும் பார்த்து, காட்டப்பட்டிருந்தால் அந்தத் தொகையைக் கொப்பியில் ஏற்றுங்கள்.

விலையை எப்படி எடுப்பது

இணையச் சந்தைக் கட்டணம் நீங்கள் வைக்கும் விலையின் வீதமாக அறவிடப்படுகிறது. ஆகவே அதை அடக்கச் செலவின் மேல் கூட்டக்கூடாது. விலையிலிருந்து பின்னோக்கி எடுக்க வேண்டும். இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றும், ஆனால் மாதக் கடைசியில் தெரியும்.

மேலே உள்ள உதாரணத்தில் கட்டணம் 12 வீதம். அதன் மேல் வரியும் சேர்ந்தால் 12ஐ 1.18ஆல் பெருக்கி 14.16 வீதம். விலை எதுவாயினும் மாறாத செலவுகள் 640, 59, வரியுடன் சேர்ந்த விளம்பரம் 47.20, மொத்தம் 746.20 ரூபா. ஒரு பொதியில் 500 ரூபா மிஞ்ச வேண்டும் என்று நீங்கள் தீர்மானித்தால் இரண்டையும் கூட்டி வரும் 1,246.20ஐ 0.8584ஆல் வகுக்க வேண்டும். 1இலிருந்து 0.1416ஐக் கழித்ததே அந்த 0.8584. விடை 1,451.77; ஆகவே 1,450 ரூபா என்று விலை வைக்கலாம். இதற்குப் பதிலாக 1,246.20இன் மேல் 14.16 வீதத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 1,423 ரூபா வரும். அந்த விலையில் விற்றால் பொதிக்கு ஏறத்தாழ 25 ரூபா குறையும். 300 பொதிக்கு அது 7,500 ரூபா. ஒரு மாதத்தின் மின்சாரக் கட்டணமும் தொலைபேசித் தரவுக் கட்டணமும் அந்தப் பிழைக்குள் போய்விடும்.

வட்ஸ்அப்பில் நேரடியாக விற்கும் பொருளுக்கு இந்த 14.16 வீதம் இல்லை என்பதால், அதே பொதியை அங்கே குறைந்த விலையில் கொடுக்க முடியும். ஆனால் பொருள் கையில் கிடைத்ததும் பணம் என்ற முறையில் அனுப்பும்போது, கூரியர் நிறுவனம் பணத்தைத் திரட்டித் தருவதற்கு அறவிடும் கட்டணத்தையும் அதன் மேலான வரியையும் பாருங்கள். திரும்பி வரும் பொதிகளின் போக்குவரத்துச் செலவையும் பாருங்கள். திரும்பி வந்த பொதியின் பணம் உங்களுக்கு வராது. அதற்குச் செலுத்திய கூரியர் வரியோ உங்களிடம் திரும்பாது. பத்துக்கு ஒன்று திரும்புமானால், அந்த ஒன்றின் செலவைப் பத்தால் அன்று, விற்றுப்போன ஒன்பதால் வகுத்து ஒவ்வொரு பொதியிலும் ஏற்றுங்கள்.

பதிவு செய்யும் எல்லை

பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய புரள்வு எல்லை 2020இல் ஆண்டுக்கு 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டிருந்தது. 2022 ஒக்டோபர் 1இல் அது 8 கோடியாகவும், 2024 ஜனவரி 1இல் 6 கோடியாகவும், அதாவது காலாண்டுக்கு ஒன்றரைக் கோடியாகவும் குறைக்கப்பட்டது. 2025 நவம்பரில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், 2026 ஏப்ரல் 1 முதல் அதை 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்க முன்மொழிந்தது. எல்லை இறங்கிக்கொண்டே வரும் திசையை இந்த எண்களில் காணலாம். நீங்கள் கணக்குப் பார்க்கும் நாளில் எந்த எண் நடைமுறையில் உள்ளது என்பதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மாதம் இரண்டு மூன்று இலட்சத்துக்கு விற்கும் வீட்டு விற்பனையாளர் இந்த எல்லைக்கு மிகத் தொலைவில் இருக்கிறார். அவர் அஞ்ச வேண்டியதில்லை. மாதம் 30 இலட்சத்தை நெருங்குபவர் கட்டாயம் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது செய்யப்படும் பிழைகள் இரண்டு. முதலாவது, வங்கியில் விழுந்த தொகையைப் புரள்வு என்று எடுப்பது. இணையச் சந்தை தன் தரகைக் கழித்துக்கொண்டே பணத்தை அனுப்புகிறது. ஆனால் புரள்வு என்பது வாங்குபவர் பொருளுக்குக் கொடுத்த முழு விலை. 1,400 ரூபாப் பொதிக்கு வங்கியில் 1,201.76 ரூபா விழுந்தாலும் புரள்வு 1,400தான். இரண்டாவது பிழை, கடை வேறு, முகநூல் வேறு, இணையச் சந்தை வேறு என்று தனித்தனியாக எண்ணுவது. ஒருவருடைய எல்லா வழி விற்பனையும் ஒன்றாகவே கூட்டப்படும்.

எல்லையைத் தாண்டும்போது நடப்பது என்ன என்பதை அதே கறித்தூளில் பார்க்கலாம். விலையை 1,400இலேயே வைத்துக்கொண்டால் அதில் 213.56 ரூபா அரசுக்குரியது. உறையிலும் தரகிலும் விளம்பரத்திலும் கட்டிய 46.44 ரூபாவை, உரிய வரி விலைப்பட்டியல்கள் (பதிவு பெற்றவர் வரியைத் தனியாகக் காட்டிக் கொடுக்கும் பில்கள்) இருந்தால் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் 167.12 ரூபாவைச் செலுத்த வேண்டும். 455.56 ரூபாவாக இருந்த மீதி 288.44 ரூபாவாகக் குறைகிறது. தோட்டக்காரரிடம் வாங்கிய மிளகாய்க்கு வரி விலைப்பட்டியல் இல்லாததால் அந்த 640 ரூபாவில் கழிக்க ஒன்றுமில்லை. இந்த இடத்தில்தான் வன்னி உற்பத்தியாளரின் நிலை கொழும்பு வியாபாரியின் நிலையிலிருந்து வேறுபடுகிறது. மொத்த இறக்குமதியாளரிடம் வரியோடு வாங்கி விற்பவர் தான் கூட்டும் பெறுமதிக்கு மட்டுமே வரி சுமக்கிறார். நிலத்திலிருந்தும் பனையிலிருந்தும் கடலிலிருந்தும் நேரடியாக எடுத்து விற்பவர் ஏறக்குறைய முழு விலைக்கும் சுமக்கிறார். இதோடு 2.5 வீதச் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் வரும்; தொழிலின் வகைக்கேற்பப் புரள்வின் எந்தப் பங்கின் மீது அது கணிக்கப்படும் என்பது வேறுபடும்.

எல்லை இலாபத்தைப் பார்ப்பதில்லை, புரள்வைப் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள். வவுனியாவிலிருந்து இணையத்தில் கைத்தொலைபேசி விற்பவர் 3 வீத இலாபத்தில் ஆண்டுக்கு 6 கோடி ரூபாவுக்கு விற்றால் அவருடைய இலாபம் 18 இலட்சம். அந்த வருமானத்துக்கு வருமான வரியே இல்லை. ஆனாலும் பெறுமதி சேர் வரிக் கடமை அவருக்கு வந்துவிடுகிறது. அவர் வாங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் முறையான வரி விலைப்பட்டியல் பெறவில்லையென்றால் அந்த 18 இலட்சத்தை விடப் பெரிய தொகையைத் தன் கைக்காசிலிருந்து கட்ட நேரும். குறைந்த இலாபத்தில் அதிகம் விற்பவர்கள் எல்லையை எட்டுவதற்கு ஆறு மாதம் முன்பாகவே, பதிவு பெற்ற விநியோகத்தரிடம் மட்டும் வாங்கும் நிலைக்கு மாறிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லைக்குக் கீழே இருந்தாலும் விரும்பிப் பதிவு செய்யலாம். சுப்பர்மார்க்கெட்டுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் கொடுப்பவர், இயந்திரமும் பொதி செய்யும் பொருட்களும் பெருமளவில் வரியோடு வாங்குபவர், ஏற்றுமதி செய்பவர் ஆகியோருக்கு அது பயன் தரும். ஏற்றுமதிப் பொருளுக்கு வரி வீதம் பூச்சியம் என்பதால், உள்ளே கட்டிய வரியைத் திரும்பக் கோரலாம். வீடுகளுக்கு மட்டும் விற்பவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பதிவு செய்தவர் ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் வரியைச் செலுத்தவும், காலத்துக்குக் காலம் அறிக்கை சமர்ப்பிக்கவும் வேண்டும். விற்பனை இல்லாத மாரி காலத்திலும் அறிக்கை நிற்காது.

பதிவில்லாத எவரும் தம் பில்லில் வற் என்று ஒரு தொகையைக் காட்டி அறவிடக்கூடாது. அது சட்டத்துக்கு மாறானது. செலவு கூடியிருந்தால் விலையைக் கூட்டுங்கள். வரியின் பெயரில் கூட்டாதீர்கள். புரள்வைக் குறைத்துக் காட்டுவதற்காக ஒரே அடுப்படி வியாபாரத்தை மனைவி பெயரிலும் தம்பி பெயரிலும் பிரித்து எழுதுவதும் வேண்டாம். ஒரே வங்கிக் கணக்கும் ஒரே தொலைபேசி இலக்கமும் அந்தப் பிரிவினையை முதல் விசாரணையிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

வருமான வரி

18 வயதைக் கடந்த அனைவரும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெற வேண்டும் என்ற விதி 2024 முதல் நடைமுறையில் உள்ளது. இலக்கம் எடுத்தால் வரி வந்துவிடும் என்று பயந்து சிலர் தள்ளிப்போடுகிறார்கள். இலக்கம் வேறு, வரி வேறு. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், தேசிய அடையாள அட்டையும், வியாபாரப் பெயர் பதிவு செய்திருந்தால் பிரதேச செயலகத்தில் பெற்ற அந்தச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் ஒருவருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை நிவாரணம் உண்டு, அதாவது அத்தொகை வரை வருமான வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம், அதன் பின் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 24, 30 என்று ஏறி, எஞ்சியதற்கு 36 வீதம். செலவு போக ஆண்டுக்கு 24 இலட்சம் மிஞ்சுபவர் 6 இலட்சத்துக்கு 6 வீதமாக 36,000 ரூபா கட்ட வேண்டும். அதை ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய நான்கு தவணைகளில் 9,000 ரூபா வீதம் கட்டி, ஆண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30க்குள் அறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும்.

பதிவில்லாதவர் கட்டிய அந்த மறைந்த வரி இங்கேதான் ஓரளவுக்குக் கைகொடுக்கிறது. திரும்பக் கிடைக்காத வரி உங்கள் செலவின் ஒரு பகுதி. ஆகவே வரியோடு சேர்ந்த முழுத்தொகையையும் செலவாகக் காட்டலாம். அதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும். மில்லில் கொடுத்த காசுக்கும், தோட்டக்காரருக்குக் கொடுத்த காசுக்கும் பற்றுச்சீட்டு கிடைக்காவிட்டால், திகதி, நிறை, தொகை ஆகியவற்றை நீங்களே எழுதி அவரிடம் கையொப்பம் வாங்குங்கள்.

நம் பகுதியில் இணைய விற்பனை செய்பவர்களில் ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் கணிசமாக உள்ளனர். அவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். 18 இலட்ச நிவாரணம் ஆளுக்கு ஒன்றே. சம்பளத்துக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று என்று இரண்டு இல்லை. மாதம் 120,000 ரூபா சம்பளம் பெறுபவர் ஆண்டுக்கு 1,440,000 ரூபாவை அந்த நிவாரணத்தில் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார். வியாபாரத்துக்கு எஞ்சுவது 360,000 ரூபா. மாதம் 30,000 ரூபாவுக்கு மேல் இலாபம் வந்தால் வரி தொடங்கிவிடும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு விற்கும்போது

கனடாவின் ஸ்காபரோவிலும் லண்டனிலும் பாரிஸின் லா ஷப்பலிலும் உள்ள உறவுகள் ஊர்ப் பொருளைக் கேட்டு வாங்குவது வன்னிக்குப் பெரிய வாய்ப்பு. புலம்பெயர்ந்தோர் வாழும் நாடுகளில் பல கடந்த சில ஆண்டுகளில் சிறு பொதிகளுக்கான வரிவிலக்கை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டன என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாமல் அனுப்பும்போது, பொதியைப் பெறும் பெரியம்மா வாசலில் நின்று வரியும் கையாளும் கட்டணமும் கட்ட நேர்கிறது. மறுமுறை அவர் வாங்குவதில்லை.

இணைய விற்பனையை வரிக்குள் கொண்டுவரும் இந்தப் போக்கை அமெரிக்காவில் காணலாம். கடையோ களஞ்சியமோ இல்லாத மாநிலத்தில் விற்பனை வரி அறவிடும் கடமை விற்பனையாளருக்கு இல்லை என்று 1992இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வைத்திருந்த நிலைப்பாட்டை, 2018 ஜூன் 21இல் தென் டகோட்டா மாநிலமும் இணையத்தில் தளபாடம் விற்கும் வேஃபெயர் நிறுவனமும் எதிரெதிராக நின்ற வழக்கில் அதே நீதிமன்றம் மாற்றியது. ஆண்டுக்கு 100,000 டொலர் விற்பனை அல்லது 200 கொடுக்கல்வாங்கல் என்பதே தென் டகோட்டா வகுத்த எல்லை. 10 டொலர்ப் பொருளை 200 பேருக்கு விற்றவர் 2,000 டொலரிலேயே அந்த எல்லைக்குள் அகப்பட்டார். சிறியவரை இப்படி நெருக்கிய அந்த எண்ணிக்கை விதியைத் தென் டகோட்டா 2023 ஜூலையில் கைவிட்டது. பெரிய இணையச் சந்தைகள் விற்பனையாளருக்குப் பதிலாகத் தாமே வரியை அறவிட்டுச் செலுத்தும் முறை அங்கே பரவலாகிவிட்டது. அதற்கும் மேலாக, 800 டொலர் வரையான பொதிகளுக்கு இருந்த சுங்கத் தீர்வை விலக்கும் 2025 ஓகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது.

பிரித்தானியா 2021 ஜனவரி 1 முதல் 15 பவுண் விலக்கை நீக்கியது. 135 பவுணுக்கு மேற்படாத பொதிக்கு விற்கும் இடத்திலேயே வரி அறவிடப்பட வேண்டும். இணையச் சந்தை வழியாக விற்றால் சந்தை அதைச் செய்யும், நேரடியாக விற்றால் கடமை விற்பவருடையது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 முதல் 22 யூரோ விலக்கை நீக்கி, 150 யூரோ வரையான பொதிகளுக்கு ஒரே இடத்தில் பதிவு செய்து வரி செலுத்தும் முறையைக் கொண்டுவந்தது. அதில் பதிவு செய்யாதவரின் பொதிக்குப் பெறுபவர் கட்ட வேண்டும். நோர்வே 350 குறோனர் விலக்கை 2024 ஜனவரி 1இல் முடித்தது. கனடாவில் நம் நாட்டிலிருந்து தபாலில் போகும் பொதிக்கு 20 கனேடிய டொலர் வரையே விலக்கு. அவுஸ்திரேலியா 2018 ஜூலை 1 முதல் 1,000 டொலர் வரையான பொருட்களுக்கும் 10 வீத வரியை விதிக்கிறது. ஆனால் அங்கே ஆண்டுக்கு 75,000 டொலருக்குக் குறைவாக விற்கும் வெளிநாட்டவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. சுவிற்சர்லாந்தில் வரித்தொகை 5 பிராங்குக்கு மேற்படாவிட்டால் அறவிடப்படுவதில்லை, 8.1 வீதப் பொருளென்றால் ஏறத்தாழ 62 பிராங், 2.6 வீத உணவுப் பொருளென்றால் ஏறத்தாழ 190 பிராங் வரை, தபாற் செலவும் சேர்த்து. உணவுப் பொருளைச் சிறு பொதிகளாக அனுப்புபவருக்கு நான் அறிந்த நாடுகளில் சுவிற்சர்லாந்தே இலகுவானது.

விற்ற பொருளைப் பரிசு என்று எழுதி அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிரித்தானியாவில் 39 பவுண், ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, கனடாவில் 60 டொலர் வரை பரிசுக்கு விலக்கு உண்டு. அது ஒரு மனிதர் இன்னொருவருக்குக் காசு பெறாமல் அனுப்புவதற்கானது. தபாலகத்தில் ஒட்டும் சுங்கப் படிவத்தில் விற்பனைப் பொருள் என்ற கட்டத்தையே குறித்து, உண்மை விலையை எழுதுங்கள். பொதிக்குள் ஒரு பில்லையும் வைத்தால் சுங்கம் விலையைத் தானாக மதிப்பிடும் நிலை குறையும்.

நேரடியாக நூறு வீடுகளுக்கு நூறு பொதி அனுப்புவதற்குப் பதிலாக, அந்த ஊரில் பதிவு பெற்ற தமிழ்ப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவருக்கு மொத்தமாக அனுப்புவதே சிறு விற்பனையாளருக்கு ஏற்றது என்பது என் கருத்து. எல்லையில் கட்டும் வரியை அவர் தம் கணக்கில் கழித்துக்கொள்வார். உங்களுக்கு அந்நாட்டில் பதிவு தேவைப்படாது. ஒரு பொதிக்குக் கிடைக்கும் விலை குறையும் என்பது உண்மையே. ஆனால் திரும்பி வரும் பொதியும் இராது. கொழும்பு வழியாக அனுப்பும் கார்கோ முகவர் மூலம் அனுப்பினாலும், ஏற்றுமதி ஆவணம் உங்கள் பெயரில் வருகிறதா, முகவர் பெயரில் வருகிறதா என்று கேளுங்கள். முகவர் பெயரில் போனால் அந்த ஏற்றுமதியை உங்களுடையது என்று காட்ட உங்களிடம் சான்று இராது.

கொப்பி

கணினி வேண்டியதில்லை; நீளக் கொப்பி ஒன்று போதும். திகதி, பொருள், வாங்குபவர் கொடுத்த முழு விலை, தரகும் கட்டணமும், அவற்றின் மேலான வரி, அனுப்பும் செலவு, கைக்கு வந்த தொகை, எந்த வழியில் விற்றது என்று எட்டுப் பத்திகள் போடுங்கள். வாங்கும் பொருட்களுக்கு எதிர்ப்பக்கத்தில் தொகை, அதில் உள்ள வரி, பற்றுச்சீட்டின் தொடரிலக்கம். இணையச் சந்தையின் கணக்குக்கூற்றை மாதம் முடிந்தவுடன் தரவிறக்கி அச்செடுத்து ஒட்டிவிடுங்கள். தொலைபேசி பழுதாகி இரண்டு வருடக் கணக்கும் வட்ஸ்அப் உரையாடலோடு போய்விட்ட ஒருவருக்கு, வங்கிப் புத்தகத்தை மட்டும் வைத்து ஆண்டறிக்கை தயாரிக்க நான் பட்ட பாட்டை இன்னும் மறக்கவில்லை. அவருடைய செலவில் பெரும்பகுதியை நிரூபிக்க இயலாமலே போயிற்று. அனல் கக்கும் பங்குனி வெயிலில் நின்று உழைத்த காசு அது. பற்றுச்சீட்டுகளின் மை மங்கிவிடும் என்பதால் படமெடுத்தும் வைத்து, எல்லாவற்றையும் 5 ஆண்டுகள் பாதுகாத்திடுங்கள்.

காலாண்டு முடியும் மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசெம்பர் மாதங்களின் கடைசி நாளில் முழு விலைப் பத்தியைக் கூட்டி, அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதுங்கள். நடைமுறையில் உள்ள காலாண்டு எல்லையில் பாதியை அது எட்டினால், கணக்காளர் ஒருவரைப் பார்க்கும் காலம் வந்துவிட்டது. வரிப் பத்தியைக் கூட்டி விற்ற பொதிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அந்த எண் போன காலாண்டை விட இரண்டு ரூபா கூடியிருந்தாலும் விலைக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். வரவு செலவுத் திட்டம் வரும் நவம்பரிலும், புதிய வீதங்கள் தொடங்கும் ஏப்ரலிலும், சித்திரை வருடப் பிறப்புக்கு முன்பதிவுகள் ஏற்றுக்கொள்ளத் தொடங்கும் முன்பாகவும் இதைச் செய்து, பழைய விலைப் படங்களை முகநூலிலிருந்து அன்றே நீக்கிவிடுங்கள்.